வெள்ளிக்கிழமை எண்ணெய் மணம்

குல்சாரியிலிருந்து மூன்றாம் நாள், ரயில் பாதை ஓரம்
3 செப்டம்பர் 1996

அன்புள்ள அண்ணிக்கு, உங்கள் நாத்தனார் மெங்சுலு ஸலாம் சொல்லி எழுதுவது.

வீட்டில் உயிர்களும் கால்நடைகளும் நலமா? சிவப்பு ஒட்டகத்தின் கால் வீக்கம் வற்றியதா? என் நலத்தைக் கேட்டால், இன்றைக்கும் நடந்தேன், அவ்வளவுதான் நலம்.

என் படுக்கை காலியாக இருப்பதைப் பார்த்து அண்ணன் எத்தனை மணி நேரம் கத்தினார்? எல்லாவற்றையும் உங்கள் தலையில்தான் கொட்டியிருப்பார். மன்னித்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் என் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, எதையும் எடுக்காமல் அப்படியே தைத்து அனுப்பினார்களே, வண்டியில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். மகான் பெக்கெத் அத்தாவின் மசூதிக்குப் போவேன், ஆனால் பஸ்ஸில் போகமாட்டேன். பஸ்ஸில் நாற்பது பேர் இருப்பார்கள். நாற்பது பேரும் என் வயிற்றை விசாரிப்பார்கள், ஆளுக்கொரு மூலிகை சொல்வார்கள், பிறகு என் காதுபடவே "பாவம்" என்பார்கள். பதினெட்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கியவள் நான். இந்த ஒரு பயணமாவது சத்தமில்லாமல் போகட்டும். அறுநூறு கிலோமீட்டர். ஒரு நாளைக்கு எட்டு கிலோமீட்டர் நடந்தாலும் பனி இறுகுவதற்குள் போய்விடலாம்.

வலி காலையில் சும்மா இருக்கிறது. மதியத்துக்கு மேல் எழுந்துகொள்கிறது. மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறேன்.

வாசல்வரை ஓடிவந்து "செல்லம், செல்லம்" என்று கூப்பிட்டீர்களே, சிரிப்பு வந்துவிட்டது. புகுந்த வீட்டு ஆட்களின் பெயரைச் சொல்லக்கூடாது என்று இருபத்திரண்டு வருஷமாக வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு தடவை மரியாதையை விட்டு "மெங்சுலு, நில்லுடி" என்று கத்தியிருந்தால் நின்றிருப்பேனோ என்னவோ. நீங்கள் திணித்த பச்சைச் சால்வை இந்த வெயிலில் வெறும் சுமை. ஒட்டகத்தையே தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கிறது.

அண்ணனிடம் சொல்லுங்கள், லாரியை எடுத்துக்கொண்டு என் பின்னால் வரவேண்டாம். நானாகக் கூப்பிட்டால் மட்டும் வரட்டும். பெய்னெவ் ஸ்டேஷன் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் என் தோழி பெயருக்கு எழுதுங்கள், எனக்குக் கிடைக்கும்.

உங்கள் கையால் தேநீர் குடிக்க ஏங்கும்,
மெங்சுலு

குல்சாரி
12 செப்டம்பர் 1996

எங்கள் வீட்டுச் செல்லத்துக்கு அண்ணி ஸலாம்.

உடம்பு எப்படி இருக்கிறது? தையல் போட்ட இடத்தில் கசிவு இருக்கிறதா? உண்மையைச் சொல். இங்கே எல்லோரும் நலம். ஒட்டகத்தின் கால் சரியாகிவிட்டது, உன் அண்ணனின் வாய்தான் சரியாகவில்லை.

"அவ என்ன ஆட்டுக்குட்டியா, வழி தவறிப் போறதுக்கு? திட்டம் போட்டுப் போயிருக்கா. குர்த் தயிர் உருண்டை மூட்டை கட்டிக் குடுத்தது யாரு? நீதானே?" என்று மூன்று நாள் கத்தினார். நான்காம் நாள் லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தேன், அழுதுகொண்டிருந்தார். "கண்ணுல கிரீஸ் பட்டுடுச்சு" என்றார்.

அவர் வரமாட்டார், நான் தடுத்துவிட்டேன். ஆனால் நீயே திரும்பிவிடக்கூடாதா? நீ அங்கே எந்தப் புதர் ஓரத்திலாவது விழுந்து கிடந்தால் எனக்கு யார் வந்து சொல்வார்கள்? அந்த நினைப்பில் தேநீர்க் கிண்ணம் கையிலேயே ஆறிப்போகிறது. பதினைந்து நாளைக்கு ஒரு கடிதமாவது போடு. கடிதம் வந்தால் இருக்கிறாய் என்று அர்த்தம், எனக்கு அது போதும்.

சால்வையைத் திட்டாதே. இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து பின்னியது. ஓரத்தில் ஒரு வரிசை தப்பாகப் போயிருக்கிறது, அதைத் திருத்தாமல் விட்டதும் நான்தான். அது மாதிரி இன்னொன்று உலகத்தில் கிடையாது. அக்டோபரில் அதன் அருமை தெரியும்.

உன் வழியையே பார்த்திருக்கும்,
அண்ணி ஒரின்ஷா

பெய்னெவ்
24 செப்டம்பர் 1996

அண்ணிக்கும் அண்ணனுக்கும் மெங்சுலுவின் ஸலாம்.

நீங்கள் நலம் என்று உங்கள் கடிதத்தில் படித்தேன், மனது நிறைந்தது. நானும் இருக்கிறேன். இங்கிருந்து குல்சாரிக்குப் போன் போடலாம் என்று பார்த்தால், வழியில் கம்பியையே திருடர்கள் அறுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். பதினெட்டு வருஷம் அந்தக் கம்பியில்தான் பிழைத்தேன்.

ஒன்று சொல்லவேண்டும், திட்டக்கூடாது. ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். குங்கிராத் பக்கத்திலிருந்து வந்தவள், கரகல்பாக்கியப் பேச்சு. முகம் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. வெயிலிலும் அவளுக்குப் பல் அடித்துக்கொண்டது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "பெக்கெத் அத்தாகிட்டதான். நடந்துதான்" என்றாள். எனக்கு என்ன நோய் என்று அவள் கேட்கவில்லை, அவளுக்கு என்ன என்று நானும் கேட்கவில்லை. பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. நான் தேடியதும் அந்த மாதிரி ஓர் ஆளைத்தானே! அரை மணி நேரம் பேசாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இந்தப் பயணத்திலேயே அதுதான் எனக்குப் பிடித்த அரை மணி நேரம்.

கிளம்பும்போது உங்கள் சால்வையை எடுத்து அவள் தோளில் போட்டுவிட்டேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள், குளிர் விடவில்லை. "நீங்க முன்னால போங்க தங்கச்சி. நான் பின்னாலயே வர்றேன்" என்றாள்.

எனக்கு இங்கே தோழி ஒரு பழைய ரயில்வே கோட்டு கொடுத்திருக்கிறாள். கவலைப்படாதீர்கள். கடிதங்களை இனி இவளுக்கே அனுப்புகிறேன், குல்சாரிக்குப் போகும் ரயில் கார்டிடம் கொடுத்துவிடுவாள்.

மன்னிப்புக் கேட்கும்,
மெங்சுலு

பெய்னெவுக்குத் தெற்கே, பாதை பழுதுபார்ப்பவர்கள் வீடு
13 அக்டோபர் 1996

அன்புள்ள அண்ணிக்கு ஸலாம். அனைவரும் நலமா? உங்களிடமிருந்து ஒரு மாதமாக ஒரு வரி இல்லை. சால்வைக் கோபமா?

என் நலம் விசித்திரமாக இருக்கிறது. முதலிலிருந்து சொல்கிறேன். சென்ற வெள்ளிக்கு முந்தைய வெள்ளி, நான்காம் தேதி, மதியம் நடந்துகொண்டிருந்தேன். கண்ணுக்கெட்டியவரை வீடு கிடையாது, மரம் கிடையாது. காற்றும் இல்லை. திடீரென்று காய்ந்த எண்ணெய் மணம், மாவு பொரிகிற மணம். ஷெல்பெக்கேதான். யார் வீட்டிலோ வெள்ளிக்கிழமைக்கு ஏழு ரொட்டி பொரிக்கிறார்கள், செத்தவர்களுக்கு மணத்தை அனுப்பிவிட்டு ரொட்டியை அக்கம்பக்கத்தில் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் வீடு எங்கே? மணம் அருகிலேயே இருந்தது, முகத்துக்கு நேரே தட்டை நீட்டுகிற மாதிரி. வயிறு நிறைந்துவிட்டது. அப்போதே வலியும் நின்றுவிட்டது.

குறையவில்லை அண்ணி, நின்றுவிட்டது. வாசலில் நின்று அழுகிற குழந்தையை யாரோ தூக்கிக்கொண்டு போன மாதிரி.

பதினொன்றாம் தேதி வெள்ளி, மறுபடியும் அப்படியே. இந்த முறை மணத்துக்கு முன்னால் ஒரு குரல் கேட்டது. "மெங்சுலு" என்று என் பெயரைச் சொன்னது. உங்கள் குரல். குரல் விஷயத்தில் எனக்குத் தப்பு வராது, இருமலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். ஆனால் நீங்கள் என் பெயரைச் சொல்லவே மாட்டீர்களே! அதனால் அது நீங்களாக இருக்கமுடியாது என்று திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு திரும்பினேன். வெகு தூரத்தில், பாதை மேட்டின் மேல், யாரோ ஒரு பெண் நடந்து வருகிறாள். பச்சையாக எதையோ போர்த்தியிருந்தாள். குங்கிராத்துக்காரிதான் என்று சந்தோஷப்பட்டு நின்றேன். அவளும் நின்றாள். கையசைத்தேன். அவள் அசைக்கவில்லை.

பத்து நாளாக ஒரு மாத்திரைகூடப் போடவில்லை. இதைப் படித்து நீங்களாவது சந்தோஷப்படுங்கள்.

உங்கள்,
மெங்சுலு

சாய்-ஒத்தெஸ்
27 அக்டோபர் 1996

அண்ணிக்கு ஸலாம். எல்லோரும் நலம்தானே? எழுதாமல் இருக்கக் காரணம் என்ன? நேற்று ஏனோ அண்ணன் ஞாபகம் வந்து அழுதேன்.

நான்கு வெள்ளிக்கிழமையாக மணம் தவறவில்லை. வலி இல்லை, பசியும் இல்லை. வழியில் வீடுகளில் சோறு வைக்கிறார்கள், மரியாதைக்கு இரண்டு வாய் சாப்பிடுகிறேன், நாக்கில் ஒன்றுமே தெரிவதில்லை. நேற்று ஒரு மேய்ப்பன் வீட்டுக்குப் போனேன். நான்கு பெரிய நாய்கள் முற்றத்தில் கிடந்தன. ஒன்றும் தலையைத் தூக்கவில்லை. அவற்றைத் தாண்டி உள்ளே போய் நின்றதும் வீட்டுக்காரி பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டாள். "எப்படிம்மா உள்ள வந்தீங்க? எங்க நாய் காத்தைப் பாத்தாலே கொரைக்குமே!" என்றாள். தேநீர் கொடுத்தாள், ஆனால் என் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள்.

குங்கிராத்துக்காரி இன்னும் பின்னால்தான் வருகிறாள். முன்பைவிட நெருங்கிவிட்டாள், கூப்பிட்டால் கேட்கும் தூரம். கூப்பிட்டேன். நான் நின்றால் நிற்கிறாள், நடந்தால் நடக்கிறாள். மிகவும் மெலிந்துவிட்டாள் அண்ணி, சால்வை அவள்மேல் கம்பத்தில் போட்ட மாதிரி தொங்குகிறது. குர்த் உருண்டைகளை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு நடந்தேன். அவள் கல்லருகே வந்து பார்த்தாள், எடுக்கவில்லை. வாய் மட்டும் மெல்லுகிற மாதிரி அசைந்துகொண்டே இருந்தது.

நல்ல வெயிலில்தான் இதையெல்லாம் பார்த்தேன். ஆனாலும் அதன் பிறகு வேகமாக நடக்கிறேன்.

பதில் போடுங்கள். செனெக் ஊர்த் தபால்நிலையத்துக்கு.

மெங்சுலு

குல்சாரி
5 நவம்பர் 1996

இந்தக் கடிதத்தைப் பிரிப்பவர்களுக்கு ஸலாம்.

உன் மூன்று கடிதமும் நேற்று முன்தினம் சேர்ந்தே வந்தன. கொண்டுவருகிற கார்டு மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டாராம், உன் தோழியின் மேசையிலேயே கிடந்திருக்கின்றன. உன் அண்ணனிடம் நான் இன்னும் காட்டவில்லை.

கேட்பதற்குப் பதில் சொல். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்று, முகத்திரையை விலக்குவதற்கு முன் நீ என் காதில் என்ன சொன்னாய்? அது நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

உனக்கு நிழல் விழுகிறதா? தண்ணீரில் முகம் தெரிகிறதா? அந்த மேய்ப்பன் வீட்டுக்காரி உன்னோடு பேசினாளா, இல்லை பேசின மாதிரி உனக்குத் தோன்றியதா?

எனக்கு வேறு ஒன்றும் எழுத வரவில்லை. பதில் போடு.

ஒரின்ஷா

செனெக்
16 நவம்பர் 1996

அண்ணிக்கு ஸலாம். நலம் கேட்காமல் எழுதிய முதல் கடிதம் உங்களுடையதுதான், ஆனாலும் நான் கேட்கிறேன்: நலமா?

அன்றைக்கு நான் சொன்னது: "பயப்படாதீங்க, எங்க அண்ணன் பாக்கத்தான் கரடி. குறட்டை மட்டும்தான் பிரச்சனை." அதைக் கேட்டுத் திரைக்குள் சிரித்துவிட்டீர்கள், மணப்பெண்ணுக்கு வெட்கமே இல்லை என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். போதுமா? நிழல் விழுகிறது. தண்ணீரில் முகமும் தெரிகிறது, பார்க்கச் சகிக்கவில்லை.

இப்போது நான் கேட்கிறேன். என்னிடம் எதை மறைக்கிறீர்கள்? எட்டாம் தேதி வெள்ளி மணம் வரவில்லை. மறுநாள் வலி வந்தது. ஒரு மாத பாக்கியையும் சேர்த்துக்கொண்டு வந்த மாதிரி வந்தது. நேற்றும் வெள்ளி, மணம் இல்லை. செனெக்கில் ஒரு நல்ல குடும்பம் என்னைப் படுக்கவைத்திருக்கிறது. துணியைக் கடித்துக்கொண்டு கிடக்கிறேன். இன்னும் ஷோபன் அத்தாவின் மசூதி வரை போகவேண்டும். அங்கே முதலில் ஸலாம் சொல்லாமல் பெக்கெத் அத்தாவிடம் போகக்கூடாது, உங்களுக்குத் தெரியும். இந்த வலியோடு என்னால் முடியாது.

உங்கள் கடிதம் வீட்டிலிருந்து கிளம்பிய வாரத்தில்தான் மணம் நின்றது. நான் முட்டாள் இல்லை. அங்கே நீங்கள் எதையோ செய்துகொண்டிருந்தீர்கள், நிறுத்திவிட்டீர்கள். அது என்னவாக இருந்தாலும் சரி, காலைப் பிடித்துக் கேட்கிறேன், மறுபடியும் செய்யுங்கள்.

ஷோபன் அத்தா மசூதி விளக்குக்காரர் வீட்டு முகவரிக்கு எழுதுங்கள்.

மெங்சுலு

குல்சாரி
22 நவம்பர் 1996, வெள்ளிக்கிழமை

என் செல்லத்துக்கு, பாவி அண்ணியின் ஸலாம்.

மாவைப் பிசைந்து மூடிவைத்துவிட்டு எழுதுகிறேன். ஊறுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பர் கடைசியில் ரயில்வேக்காரர் ஒருவர் வந்தார். பெய்னெவைத் தாண்டிப் பாதை ஓரத்தில் ஒரு பெண் இறந்து கிடந்தாள், நடந்து போகிற நோயாளிப் பெண், உங்கள் ஆளா பாருங்கள் என்றார். உன் அண்ணன் அன்றே ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் அந்த ஊர்ப் பெண்கள் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றிவிட்டார்கள். பெண் மய்யித்தின் முகத்தைத் திறந்து காட்டு என்று ஆண்பிள்ளை எப்படிக் கேட்பார்? நானும் கூடப் போயிருக்கவேண்டும். துக்கத்துக்கு வருகிறவர்களுக்குச் சமைக்க ஆள் வேண்டும் என்று என்னை விட்டுவிட்டுப் போனார். அவரிடம் சால்வையைக் காட்டினார்கள். பச்சை ஒட்டக ரோமம், ஓரத்தில் தப்பான வரிசை. அதன் மேல் விழுந்து அழுதாராம். மண் போட்டுவிட்டு வந்தார்.

நான்காம் தேதி முதல் வெள்ளி. உனக்கு ஏழு ஷெல்பெக் பொரித்தேன். யாருக்கு என்று பெயரைச் சொல்லவேண்டுமே! இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட என் வாயில் வராத பெயர், அன்றைக்கு வந்தது. சத்தமாகச் சொன்னேன். ஐந்து வெள்ளி சொன்னேன். சொல்லச் சொல்ல ஆசையாக இருந்தது, அது இன்னும் பாவம்.

பிறகு உன் கடிதங்கள் வந்தன. படித்துவிட்டு அடுப்பங்கரையில் விழுந்தேன். உயிரோடு இருக்கிறவளை மய்யித்துகளின் பந்தியில் உட்காரவைத்துவிட்டேன். நீயும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய். அதனால்தான் நிறுத்தினேன். உன் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார், அழுதார், லாரியைக் கிளப்பினார். "கூப்பிட்டா மட்டும் வரச் சொன்னா" என்று நான்தான் சாவியைப் பிடுங்கி வைத்திருக்கிறேன்.

இப்போது நீ, வலியில் கிடக்கிறேன், மறுபடி செய் என்கிறாய். பொரித்தால் நீ கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் போகிறாய். பொரிக்காவிட்டால் துணியைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாய். எது பாசம் என்று எனக்குத் தெரியவில்லை. நீ வலியில் கிடப்பது என்னால் தாங்கமுடியவில்லை, அதனால் இன்றைக்குப் பொரிக்கிறேன். நீ வேண்டாம் என்று எழுதும்வரை பொரிப்பேன்.

எண்ணெய் காய்கிறது. போகிறேன்.

ஒரின்ஷா

ஷோபன் அத்தா, விளக்குக்காரர் வீடு
30 நவம்பர் 1996

அன்புள்ள அண்ணிக்கு, உங்கள் மெங்சுலுவின் ஸலாம். நீங்கள் பாவி இல்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

இருபத்திரண்டாம் தேதி மணம் வந்தது. எழுந்து நடந்து இங்கே வந்து சேர்ந்தேன். வியாழக்கிழமை உங்கள் கடிதம் கிடைத்தது. நான் செத்துவிட்டேனா என்ற பயம் எனக்கு வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான் வந்தது. அந்தக் குழியில் கிடப்பவள் யார் என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் அவளுக்கு யார் பொரிக்கிறார்கள்?

நேற்று வெள்ளி. மதியம் வாசலுக்கு வந்தேன். இங்கே மசூதியைச் சுற்றி எங்கு பார்த்தாலும் பழைய சமாதிக் கற்கள். ஒரு கல்லில் சாய்ந்து அவள் உட்கார்ந்திருந்தாள். பத்தடி தூரம். முதல் முறையாக நானே அவளை நோக்கிப் போனேன்.

உங்கள் குரல் கேட்டது, "மெங்சுலு". மணம் வந்தது. அவள் இரண்டு கையையும் நீட்டினாள் அண்ணி, பந்தியில் கடைசியாக உட்கார்ந்த குழந்தை நீட்டுகிற மாதிரி. மணம் அவள் கைக்கு மேலேயே தாண்டி என்னிடம் வந்தது. என் வலி நின்றது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க அன்னைக்கே...?" என்று கேட்டேன்.

"நீ போன மூணாம் நாள். உன் சால்வை கதகதன்னு இருந்துச்சு. தூங்கிட்டேன்."

"உங்களுக்கு யாரும் இல்லையா?"

"இருந்தாங்க. நான் எங்க கெடக்கேன்னு அவங்களுக்குத் தெரியாது. என் குழில நின்னு அழுதவரு உன் பேரைச் சொல்லி அழுதாரு. ஒவ்வொரு வெள்ளியும் உன் பேருக்குத்தான் போடுறாங்க. நான் கைய நீட்டுறேன், எனக்கு வரமாட்டேங்குது."

கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"உங்க பேர் என்னக்கா?"

"கல்பாய் மக தாஸாகுல்" என்றாள். "இதைக் கேக்க உனக்கு இத்தனை நாளாச்சா?"

சத்தமில்லாத பயணம் வேண்டும் என்று கிளம்பினேன் பாருங்கள். அந்தக் காத்திருப்பு அறையில் ஒரு பெயரைக் கேட்டிருந்தால் போதும், அவள் இரண்டு மாதம் பட்டினி கிடந்திருக்கமாட்டாள். என் மௌனம் எனக்கு இதமாக இருந்தது, பசி அவளுக்குப் போனது.

அண்ணி, இனி அடுப்படியில் என் பெயரைச் சொல்லாதீர்கள். அவள் பெயரைச் சொல்லுங்கள். அண்ணன் அந்தக் குழிமேல் அவள் பெயரை எழுதி வைக்கட்டும், குங்கிராத்துக்கும் தகவல் அனுப்பட்டும். இதற்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். இதோ, வேண்டாம் என்று எழுதும்போதே வலி பூனை மாதிரி காலைச் சுற்றி வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது. ஆனால் இன்னொருத்தியின் ரொட்டியைத் தின்றுகொண்டு அத்தாவின் முன்னால் போய் நிற்க என்னால் முடியாது.

திங்கட்கிழமை கிளம்புகிறேன். ஐம்பது கிலோமீட்டர், ஆறு நாள் ஆகும். ஊர்ந்தாவது போய்விடுவேன். நீங்களும் அண்ணனும் பெக்கெத் அத்தாவுக்கு வந்துவிடுங்கள். இது நானாகக் கூப்பிடுவது. வாங்க அண்ணி.

மெங்சுலு

குல்சாரி
6 டிசம்பர் 1996, வெள்ளிக்கிழமை

எங்கள் செல்லத்துக்கு அண்ணனும் அண்ணியும் ஸலாம்.

உன் கடிதத்தைக் கொண்டுவந்த லாரிக்காரரே இன்று மதியம் திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். டயரை மாட்டியதும் நாங்களும் அவர் பின்னாலேயே கிளம்பிவிடுவோம். இது உனக்கு முதலில் கிடைக்கிறதோ நாங்கள் முதலில் வருகிறோமோ தெரியாது. உடம்பைப் பற்றிக் கேட்கமாட்டேன், வந்து பார்க்கிறேன்.

நீ திங்கட்கிழமை கிளம்பியதை அவர் பார்த்தாராம். "நூறு அடிக்கு ஒரு தடவை உக்காந்து உக்காந்து போச்சு அந்தம்மா. ஊர் நாயெல்லாம் கூடி, எல்லை வரைக்கும் கொரைச்சுக்கிட்டே பின்னால போச்சு. கல்லால அடிச்சு வெரட்டினோம்" என்றார். நாய்கள் உன்னைப் பார்த்துக் குரைத்தனவே என்று அந்த மனுஷனின் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். பயந்துபோய்த் தேநீர்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார்.

உன் அண்ணன் ஒரு பலகையில் அவள் பெயரைச் செதுக்கி வைத்திருக்கிறார். வழியில் இறங்கி நட்டுவிட்டு வருவோம். குங்கிராத் ஸ்டேஷனுக்கு ஆள் போயிருக்கிறது.

இன்று காலை எண்ணெய் காய்ந்ததும், கல்பாய் மகள் தாஸாகுல் என்று சொன்னேன். ஏழு ரொட்டியையும் பொரித்து எடுத்தேன். அறை முழுக்கப் புகை, கண் எரிந்தது. ஆனால் மணம் இல்லை. துளிகூட இல்லை. உன் அண்ணன் முற்றத்திலிருந்து உள்ளே வந்து, "இன்னும் அடுப்பே பத்தவைக்கலையா?" என்றார். ஒரு ரொட்டியைக் கையில் கொடுத்தேன். சுடச்சுட இருந்தது. மூக்கருகே கொண்டுபோனார், என்னைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து மாவு பிசைய ஆரம்பித்தார். இந்த வீட்டில் ஓர் ஆண் மாவில் கை வைத்ததை நான் பார்த்ததே இல்லை.

மறுபடி ஏழு பொரித்தேன். அதிலும் மணம் இல்லை. வீட்டில் இருந்த மாவு மொத்தத்தையும் எடுத்து மூன்றாவது ஏழு போட்டேன். நான் பெயரைச் சொல்ல, அவர் ரொட்டியைத் தட்டித் தட்டிக் கொடுக்க, இரண்டு பேரும் அழுதுகொண்டே பொரித்தோம். இருபத்தொன்றாவது ரொட்டியைப் புரட்டும்போதுதான், லேசாக, எண்ணெய் மணத்தது.

அத்தனை பசி அவளுக்கு.

அண்ணி ஒரின்ஷா